அறுபதாம் கல்யாணத்தில் நீ கேட்ட கேள்வி

மயிலாடுதுறை,
விசுவாவசு ஆண்டு, ஆனி 10
(24.6.2025)

அன்புள்ள கயல்,

திருக்கடையூரில் ஓமப் புகை கண்ணைக் கரித்துக்கொண்டிருந்தபோது நீ என் காதருகே குனிந்து, "உங்களுக்குத்தான் ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சே பெரியப்பா, மறுபடி எதுக்கு?" என்றாய். நான் வாயைத் திறக்குமுன் வாத்தியார் முந்திக்கொண்டார். அறுபது வருஷத்தில் கிரகங்கள் எல்லாம் பிறந்த நேரத்து இடத்துக்கே திரும்பிவிடும், அதனால் இது மறுஜென்மம், மறுஜென்மத்துக்கு மறுகல்யாணம் என்றார். நீ விடவில்லை. "எல்லா கிரகமுமா மாமா?" அவர் உன்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் கலசத் தண்ணீரை என் தலையில் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். பத்தாம் வகுப்புப் பெண்ணின் கேள்வியை ஈரத்தலையோடு சிரித்துச் சமாளித்தது இரண்டு வாரமாக உறுத்துகிறது. போனில் சொன்னால் நீ பாதியில் வேறு எங்காவது இழுத்துக்கொண்டு போய்விடுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் கணக்கு. வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர 11.86 ஆண்டு ஆகிறது, சனிக்கு 29.46. பழைய கணிதர்கள் கைக்கு அடக்கமாக 12, 30 என்று வைத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு எவ்வளவு? 60. ஐந்து வியாழச் சுற்று, இரண்டு சனிச் சுற்று. பிரபவ முதல் அட்சய வரை பெயர் சூட்டிய அறுபது ஆண்டுச் சக்கரத்துக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். வடக்கே இன்னும் வியாழன் ஒரு ராசியைக் கடக்கும் காலத்தையே, ஏறக்குறைய 361 நாளை, ஓர் ஆண்டாக எண்ணுகிறார்கள். நம் ஆண்டைவிட அது நாலு நாள் குறைச்சல். ஆகவே 85 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பெயரைத் தாண்டிக் குதிக்க வேண்டும். தெற்கே நாம் குதிப்பதை விட்டுப் பல நூற்றாண்டாகிறது. அதனால்தான் அவர்கள் ஊர் ஆண்டின் பெயரும் நம்முடையதும் ஒத்துப்போவதில்லை.

மற்ற கிரகங்கள்? புதன் 88 நாள், வெள்ளி 225 நாள், செவ்வாய் 687 நாள். அறுபது முடிகிற அன்று இவை எங்கே நிற்கும் என்று யாரும் கவலைப்படவில்லை. ஆக, உன் கேள்விக்கு நேர் விடை: இல்லை, இரண்டே இரண்டுதான். அந்த இரண்டும்கூடச் சரியாக வந்து சேர்வதில்லை. 11.86-ஐ ஐந்தால் பெருக்கு, 59.3 வரும். 29.46-ஐ இரண்டால் பெருக்கு, 58.92. நமக்கு அறுபது நிறைவதற்குள் வியாழன் முக்கால் ராசிக்குக் கொஞ்சம் குறைவாகவும், சனி அரை ராசிக்குக் கொஞ்சம் குறைவாகவும் தாண்டிப் போய்விடுகின்றன. என் ஜாதகத்திலேயே பார். பிறந்தபோது குரு ரிஷபத்தில், சனி கும்பத்தில். மணவறையில் உட்கார்ந்தபோது குரு மிதுனத்தில். சனி திருக்கணிதப்படி மீனத்துக்குப் போயாயிற்று, வாக்கியப் பஞ்சாங்கக்காரர்கள் இன்னும் கும்பத்திலேயே வைத்திருக்கிறார்கள். வாத்தியார் வாக்கியக்காரர். அவர் அளவில் பாதி சரி.

கணக்கு இதோடு தீர்ந்தது. ஆனால் கேள்வி தீரவில்லை. ஒரு சுற்று முடிகிறது, கிரகங்கள் பழைய இடத்துக்கு வருகின்றன, ஒரு நெருப்பு மூட்டப்படுகிறது, அதைத் தாண்டி எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது. இந்த எண்ணம் திருக்கடையூர் வாத்தியார் கண்டுபிடித்ததல்ல. மனிதர்களைப் பிடித்து வெகுகாலமாகிறது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டையொட்டி பாபிலோனில் பெரோசஸ் என்று ஒரு பூசாரி இருந்தார். அவர் சொன்னதாக ரோமாபுரியின் செனெக்கா எழுதிவைத்திருக்கிறார்: எல்லாக் கோள்களும் கடகத்தில் ஒரே கோட்டில் கூடினால் உலகம் தீயில் வேகும், மகரத்தில் கூடினால் வெள்ளத்தில் மூழ்கும். கிரேக்கத்து ஸ்டோயிக் தத்துவக்காரர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். உலகம் முழுக்க எரிந்து, அந்த நெருப்பிலிருந்தே மறுபடி பிறந்து, பழையபடி நடக்கும் என்பது அவர்கள் கட்சி. நம் பக்கம் ஆரியபட்டர் கணக்கில் எல்லாக் கோள்களும் மேஷத்தின் தொடக்கத்தில் ஒன்றாக நின்ற கணத்தில் கலியுகம் பிறக்கிறது, கி.மு. 3102 பிப்ரவரி 18. இன்றைய கணினியில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் அன்று கோள்கள் ஒரே புள்ளியில் நிற்கவில்லை. கணக்கைத் தொடங்க ஒரு சுழி தேவைப்பட்டது, அதைப் பின்னோக்கிப் போய் வைத்துக்கொண்டார்கள். கடிகாரத்தில் எல்லா முள்ளும் பன்னிரண்டில் நிற்கும் நேரம் என்று வைத்துக்கொள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். கலியுகத்தின் நீளம் 4,32,000 ஆண்டு. பிரளயத்துக்கு முன் ஆண்ட பாபிலோன் அரசர்களின் மொத்தக் காலம் என்று பெரோசஸ் தரும் எண்ணும் 4,32,000. அறுபதை அடியாக வைத்து எண்ணிய ஊர் அது. மணிக்கு அறுபது நிமிடம் என்று நீ இன்றும் எண்ணுகிறாயே, அந்த எண்ணிக்கை அங்கிருந்து வந்ததுதான்.

உன் தாத்தா 1962 தை மாதத்துக் கதையைச் சொல்லாத நாள் கிடையாது. பிப்ரவரி 3 முதல் 5 வரை சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, வெள்ளி, சனி, கேது என்று எட்டுப் பேர் மகரத்தில் கூடினார்கள். அஷ்டகிரகச் சேர்க்கை. உலகம் அழியப்போகிறது என்று நாடு முழுக்க யாகம், பஜனை. தாத்தா வீட்டில் அந்த மூன்று நாளும் அடுப்பைத் தவிர வேறு நெருப்பு மூட்டக் கூடாது என்று கொள்ளுப்பாட்டியின் உத்தரவு. பெரோசஸ் கணக்குப்படி மகரம் என்றால் வெள்ளம், நெருப்பே அல்ல, அது பாட்டிக்குத் தெரியாது. ஆறாம் தேதி காலையில் பால்காரர் வந்தார் என்பதுதான் தாத்தா கதையின் முடிவு.

நாம் போய் வந்த கோயிலையே எடுத்துக்கொள். காலனை உதைத்த தலம், மார்க்கண்டேயன் பதினாறோடு நின்ற தலம் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அதே மார்க்கண்டேயர் மகாபாரதத்தின் வனபருவத்தில் கிழவராக வந்து, யுகமுடிவைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சியாகப் பாண்டவர்களுக்குக் கதை சொல்கிறார். ஏழு சூரியன்கள் தோன்றி ஆறு, கடல் எல்லாவற்றையும் குடித்துவிடுகின்றன. பிறகு பாதாளம்வரை பாயும் ஊழித்தீ. பிறகு மழை, ஒரே வெள்ளம். அதில் ஓர் ஆலமரக் கிளையில் ஒரு குழந்தை, அதன் வயிற்றுக்குள் அழிந்த உலகம் முழுதும் பத்திரமாக இருக்கிறது. நான் படித்த அழிவுக் கதைகளில் இதைவிட அழகான முடிவு வேறு இல்லை. வானியல் கணக்கில் ஏழு சூரியன் தேவையில்லை, ஒன்றே போதும். நம் சூரியன் 100 கோடி ஆண்டுக்குச் சுமார் பத்து சதவீதம் வெளிச்சம் கூடிக்கொண்டே போகிறது. இன்னும் ஏறத்தாழ அத்தனை ஆண்டில் பூமியின் கடல்கள் வற்றத் தொடங்கிவிடும். உடனே, பார்த்தாயா நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள் என்று யாராவது உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். கோடையில் குளம் வற்றுவதைப் பார்த்த யாருக்கும் அந்தக் கற்பனை வரும். வந்த கற்பனையை வைத்து இத்தனை பெரிய கதை கட்டினார்களே, அதற்கு மரியாதை செய்தால் போதும்.

நெருப்பும் மறுபிறவியும் நாள்மீனும் ஒரே இடத்தில் கூடுகிற ஒரு காட்சி நம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. மதுரை எரிந்த கதையைப் பள்ளியில் படித்திருப்பாய். அதற்கு அடுத்து வரும் கட்டுரை காதையைப் பாடத்தில் வைக்க மாட்டார்கள். ஊர் எரிந்துகொண்டிருக்கும்போதே மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குப் பின்னால் வந்து நின்று பேசுகிறது, முன்னால் வரப் பயந்துகொண்டு. கோவலன் முற்பிறவியில் பரதன் என்ற பெயரில் இருந்தான், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பழி சொல்லிக் கொல்லவைத்தான், சங்கமன் மனைவி நீலி சாபமிட்டாள், அதுதான் இப்போது வந்து விளைந்தது என்கிறது. கூடவே இன்னொன்றும் சொல்கிறது: ஆடி மாதம், தேய்பிறை அட்டமி, கார்த்திகை நாள்மீன், வெள்ளிக்கிழமை, இவை கூடுகிற நாளில் மதுரை எரியும் என்று ஒரு பழைய வாக்கு இருந்தது என்று.

கார்த்திகை என்பதற்குக் காவியம் ஆளும் சொல் 'அழல்'. அந்த நாள்மீனுக்குத் தெய்வம் அக்கினி. ஊர் எரியும் நாளுக்கு நெருப்பின் நாள்மீனையே தேர்ந்தெடுத்திருக்கிறார் இளங்கோ. பஞ்சாங்கக் கணிதத்தில் கரைகண்ட எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை இந்தக் குறிப்பை நிஜமான தேதியாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டுக் கி.பி. எட்டாம் நூற்றாண்டில் கொண்டுபோய் நிறுத்தினார். பலர் ஏற்கவில்லை. எனக்கும் அது தேதியாகப் படவில்லை, ஒரு கவிஞனின் தேர்வாகத்தான் படுகிறது.

ஆக, மதுரை எரிந்ததற்குக் காரணம் மூன்று: அரசன் தீர விசாரிக்காதது, நீலியின் சாபம், ஆடி வெள்ளி. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு எது உண்மையான காரணம் என்று சொல்லாமல் போய்விடுகிறார் இளங்கோ. ஆனால் கவனி. கண்ணகி நாள் பார்த்து வரவில்லை. சிலம்பை உடைத்தபோது அவளுக்கு அன்று என்ன கிழமை என்பதுகூட நினைவில் இருந்திருக்காது. நாள்மீன் கணக்கைத் தெய்வம் சொல்வது ஊர் எரிந்த பிறகுதான். பெரும் நெருப்பு ஒன்று மூண்டதும் மனிதர்கள் (இங்கே தெய்வமும்) அண்ணாந்து பார்த்து, அங்கே என்ன இருந்தது என்று தேடுகிறார்கள்.

நெருப்பு, மறுபிறவி என்று வந்துவிட்டதால் நீ ஹாரி பாட்டரில் பார்த்த பீனிக்ஸ் பறவையைப் பற்றியும் இரண்டு வரி. அந்தப் பறவையைப் பற்றி விரிவாக எழுதியவர்களில் பழையவர் கிரேக்கத்து ஹெரோடோட்டஸ். அவர் கதையில் நெருப்பே கிடையாது. 500 ஆண்டுக்கு ஒருமுறை அது செத்த தகப்பனை வெள்ளைப்போளத்தில் உருட்டிய உருண்டைக்குள் வைத்து எகிப்தின் சூரியன் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு வருமாம். தான் படத்தில்தான் பார்த்திருப்பதாகவும் ஒப்புக்கொள்கிறார், நல்ல மனிதர். நெருப்பு பின்னால் வந்தவர்கள் மூட்டியது. கோள்களும் அப்படித்தான் வந்து ஒட்டிக்கொண்டன. ரோமாபுரி எழுத்தாளர் பிளினி காலத்தில் அந்தப் பறவையின் ஆயுள், விண்மீன்கள் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பும் பேராண்டின் நீளம் என்று ஆகிவிட்டது. கி.பி. 47-இல் ஒரு பீனிக்ஸை ரோமில் காட்சிக்கு வைத்தார்களாம். போலி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை என்று பிளினியே எழுதிவிட்டார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த கதை.

வியாழனும் சனியும் ஏறக்குறைய இருபது ஆண்டுக்கு ஒருமுறை வானில் சந்திக்கும். 2020 டிசம்பர் 21 அன்று மொட்டைமாடியில் உன்னைத் தூக்கி நிறுத்திக் காட்டினேனே, இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே புள்ளிபோல் இருந்தனவே, அது. ஒவ்வொரு சந்திப்பும் முந்தைய இடத்திலிருந்து எட்டு ராசி தள்ளி நடக்கும். மூன்று சந்திப்பைக் கோட்டால் இணைத்தால் முக்கோணம். மூன்று சந்திப்புக்கு எத்தனை ஆண்டு? மறுபடி நம் அறுபதுதான். ஆனால் இங்கேயும் அறுபது முழு அறுபதல்ல, சில பாகை தள்ளிப்போகிறது. ஆகவே அந்த முக்கோணம் மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். ஐரோப்பியச் சோதிடர்கள் மேஷம், சிம்மம், தனுசு மூன்றையும் நெருப்பு முக்கோணம் என்றார்கள். நம்மவர்களும் இவற்றை நெருப்பு ராசி என்றே சொல்வார்கள். முக்கோணம் நெருப்பிலிருந்து புறப்பட்டு மறுபடி நெருப்புக்கு வர ஏறக்குறைய 800 ஆண்டு. ஏசுவின் காலத்தில் ஒருமுறை, சார்லமேன் முடிசூடிய 800-ஐ ஒட்டி ஒருமுறை. அடுத்தது 1603 டிசம்பர். புதிய யுகம் பிறக்கப்போகிறது என்று ஐரோப்பா முழுக்கப் பேச்சு.

1604 அக்டோபர் 9-ஆம் தேதி செவ்வாயும் வந்து வியாழனோடு சேர்ந்துகொண்டது, பக்கத்தில் சனி. அந்தச் சேர்க்கையைப் பார்ப்பதற்காகவே பலர் மேற்கு வானத்தை நோக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே, அந்த மூன்று கோளுக்கு நடுவில், முந்தின நாள்வரை இல்லாத ஒரு புது விண்மீன் கொழுந்துவிட்டு எரிந்தது. நெருப்பு முக்கோணத்தில் நெருப்பு!

பிராகில் அப்போது மழைமேகம். அரசவை அலுவலர் ஒருவர் மேக இடுக்கில் பார்த்துவிட்டு வந்து, பேரரசர் இரண்டாம் ருடால்பின் கணிதரிடம் சொன்னார். அந்தக் கணிதர் யோகான்னஸ் கெப்ளர். அவர் நம்பவில்லை. மேகம் விலகி 17-ஆம் தேதி தானே பார்த்த பிறகுதான் நம்பினார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அது மங்கி மறைகிறவரை விடாமல் குறிப்பெடுத்து, 1606-இல் ஒரு புத்தகம் போட்டார். சீனாவிலும் கொரியாவிலும் அதைப் பார்த்தவர்கள் குறித்துவைத்திருக்கிறார்கள். படுவாவில் கலீலியோ அதைப் பற்றி ஊரைக் கூட்டிச் சொற்பொழிவே ஆற்றினார்.

கெப்ளருக்குச் சங்கடம். ஜாதகம் கணித்துக் கொடுப்பது அவர் உத்தியோகத்தில் ஒரு பங்கு. அதே சமயம், இந்த ராசி நெருப்பு, அந்த ராசி தண்ணீர் என்று பெயர் வைத்தது மனிதன்தானே என்ற சந்தேகமும் அவருக்கு உண்டு. விண்மீனும் சேர்க்கையும் ஒரே இடத்தில் வந்தது தற்செயலா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நாளில் மனைவி சாப்பிடக் கூப்பிடுகிறார். மேசையில் பச்சைக் காய்கறிக் கலவை. கெப்ளர் கேட்கிறார்: தட்டு, இலை, உப்பு, எண்ணெய், காடி, முட்டைத் துண்டு எல்லாம் ஆதிகாலம்தொட்டு ஆகாயத்தில் பறந்துகொண்டே இருந்தால் என்றாவது ஒருநாள் தற்செயலாக ஒன்றுசேர்ந்து இப்படி ஒரு பதார்த்தம் ஆகுமா? ஆகலாம், ஆனால் நான் செய்தது மாதிரி இவ்வளவு பக்குவமாக வராது என்றாராம் அந்த அம்மாள். கெப்ளரே இதைத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். உன் பெரியம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். ரசத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

இன்று நமக்குப் பதில் தெரியும். அந்த விண்மீன் இருக்கும் தூரம் பதினைந்தாயிரம், இருபதாயிரம் ஒளியாண்டு என்கிற அளவில். அதாவது, கெப்ளர் கண்ணில் பட்ட வெளிச்சம் கிளம்பியபோது பூமியில் பனிக்காலம், எழுத்து கிடையாது, ராசி கிடையாது, சனி என்ற பெயரே கிடையாது. அதற்குப் பிறகு வியாழனும் சனியும் எத்தனையோ நூறு முறை சந்தித்துப் பிரிந்திருக்கின்றன. 1604-இல் அவை அங்கே நின்றது தற்செயல். ஆனால் ஒன்றைச் செய்தன. அத்தனை பேர் கண்ணையும் சரியான நேரத்தில் சரியான மூலைக்குத் திருப்பிவிட்டன. அந்தச் சோதிடப் பரபரப்பு இல்லையென்றால் முதல் சில இரவுகளின் பதிவே நமக்குக் கிடைத்திருக்காது. இதற்காகவாவது பழைய சோதிடர்களை நான் முழுசாகத் திட்டுவதில்லை.

சரி, எரிந்தது எது? செத்துப்போன ஒரு விண்மீன்.

சூரியன் அளவுள்ள விண்மீன்கள் எரிபொருள் தீர்ந்தபின் வெளியுடலை உதறிவிட்டு, கரியும் ஆக்சிஜனுமாக இறுகிப்போன ஓர் உருண்டையாக மிஞ்சும். வெள்ளைக் குள்ளன் என்று பெயர். எடை சூரியனைப்போல, பருமன் பூமியைப்போல. அதில் ஒரு தேக்கரண்டி அள்ளினால் சில டன் இருக்கும். உள்ளே எதுவும் எரிவதில்லை, அடுப்பு அணைந்தபின் கல் சூடாக இருப்பதுபோல் மெல்ல ஆறிக்கொண்டு கிடக்கும். அப்படியே எவ்வளவு எடையையும் தாங்கிக்கொண்டு கிடக்குமா என்ற கேள்வியை 1930-இல் பம்பாயிலிருந்து இங்கிலாந்து போகும் கப்பலில் 19 வயதுப் பையன் ஒருவன் போட்டுப் பார்த்தான். மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் படித்து முடித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். சர் சி.வி. ராமன் அவனுக்குச் சித்தப்பா. விடை: தாங்காது, ஓர் எல்லை உண்டு. திருத்திக் கணக்கிட்டால் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. 1935 ஜனவரியில் லண்டனில் வானியலாளர் கூட்டத்தில் புகழ்பெற்ற வானியலறிஞர் எடிங்டன் எழுந்து அந்த முடிவைக் கேலி செய்தார், சபை சிரித்தது. 1983-இல் நோபல் பரிசு வந்தது. நடுவில் நாற்பத்தெட்டு ஆண்டு.

பக்கத்துத் துணை விண்மீனிடமிருந்து வாயுவை உறிஞ்சியோ, இன்னொரு குள்ளனோடு மோதியோ, ஒரு வெள்ளைக் குள்ளனின் எடை அந்த எல்லையை எட்டினால், ஆறிக்கிடந்த கரி உள்ளுக்குள் பற்றிக்கொள்ளும். சில விநாடியில் முழு விண்மீனும் சிதறிவிடும். இதுதான் Ia வகை சூப்பர்நோவா, கெப்ளர் பார்த்தது. அங்கே பிறக்கும் நிக்கல் கோபால்ட்டாக மாறும், கோபால்ட் இரும்பாக மாறும். கோபால்ட்டின் அரை ஆயுள் 77 நாள். மாதக்கணக்கில் கெப்ளர் குறித்துக்கொண்டே இருந்த அந்தத் தேய்கிற ஒளி, கோபால்ட் இரும்பாகிக்கொண்டிருந்ததன் ஒளி. 1999-இல் விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரசேகரின் பெயர் வைத்தார்கள். அது எடுத்த படத்தில் அந்த இரும்பு இன்னும் விரிந்துகொண்டிருக்கிறது.

பீனிக்ஸ் கதைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். அந்தக் குள்ளன் மறுபடி எழவில்லை, அங்கே நடுவில் எதுவும் மிச்சமில்லை. எழுந்தது வேறு யாரோ. நம் மண்டலத்தின் இரும்பில் பெரும்பங்கு இப்படிச் செத்த குள்ளன்கள் போட்டது. மற்றவற்றைப் பெரிய விண்மீன்கள் போட்டன. 1969 பிப்ரவரியில் மெக்சிகோவின் அல்லெந்தே ஊர்ப்பக்கம் விழுந்த விண்கல்லில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. வயது 456.7 கோடி ஆண்டு, நம் சூரியக் குடும்பத்திலேயே மூத்த பொருள். 1976-இல் அவற்றைச் சோதித்தபோது, அரை ஆயுள் ஏழு லட்சம் ஆண்டே உள்ள ஒருவகை அலுமினியம் உள்ளே இருந்து அழிந்த தடயம் கிடைத்தது. அத்தனை சீக்கிரம் அழியும் சரக்கு அந்தக் கல்லுக்குள் உயிரோடு புகுந்தது என்றால், சூரியன் பிறக்கும் வேளையில் எங்கோ பக்கத்தில் ஒரு பெரு விண்மீனின் சாம்பல் சூடு ஆறாமல் வந்து விழுந்திருக்கிறது. குட்டிக் கோள்களை உள்ளிருந்து உருக்கியதும் அந்தச் சூடுதான். உருகியதால்தான் இரும்பு அடியில் தங்கியது, கல் மேலே வந்தது, பூமி பூமியானது. கோள்கள் நெருப்பைக் கொண்டுவரும் என்று பெரோசஸ் முதல் கொள்ளுப்பாட்டிவரை காத்திருந்தார்கள். நெருப்புதான் கோள்களைக் கொண்டுவந்திருக்கிறது.

திரும்பும் வழியில் வைத்தீசுவரன்கோயிலில் அங்காரகன் சந்நிதியில் நின்றோமே, நினைவிருக்கிறதா? அங்காரகன் என்றால் தணல். செவ்வாயின் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். நிஜச் செவ்வாயின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 60 பாகை. அங்கே ஒரு தீக்குச்சியும் எரியாது, ஆக்சிஜன் இல்லை. வெள்ளிக் கோளில் 460 பாகைக்கு மேல் சூடு, அங்கும் ஒரு சுவாலை கிடையாது. ஓம குண்டத்தில் நீ பார்த்த மாதிரி நாக்கை நீட்டி எரியும் நெருப்பு, நாமறிந்த கோள்களில் பூமியில் மட்டும்தான். மரம் வேண்டும், அந்த மரம் விட்ட மூச்சும் வேண்டும். செவ்வாயின் சிவப்பு துரு. உன் சைக்கிள் செயினில் படிகிற அதே துரு. எங்கோ ஒரு குள்ளன் வெடித்ததில் பிறந்த இரும்பு, அங்கே குளிரில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதற்கு நாம் சிவப்புப் பட்டுச் சாத்தித் துவரம்பருப்பு வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தோம். நான் கும்பிட்டது பொய்யில்லை. இதையும் நினைத்துக்கொண்டுதான் கும்பிட்டேன்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். இப்போது ராத்திரி ஒன்பதரை மணிக்கு மாடிக்குப் போ. மேற்கே தாழ்ந்து சிவப்பாகத் தெரிவது செவ்வாய், சிம்மத்தில், மகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. தென்கிழக்கே தேளின் வாலுக்கு மேலே கொஞ்சம் வெறுமையான இடம், அங்கேதான் கெப்ளரின் விண்மீன் எரிந்தது, இப்போது கண்ணுக்கு ஒன்றும் இருக்காது. பிறகு உச்சிக்கு வா. சோதி நட்சத்திரம் (பஞ்சாங்கத்துச் சுவாதி) ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று இருக்கும். அதற்குக் கிழக்கே கொஞ்சம் வடக்கே தள்ளி ஏழெட்டு மங்கலான மீன்கள் பாதி வளையமாக இருப்பதைக் கண்டுபிடி. வடமகுடம் என்பார்கள்.

அந்த வளையத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் குள்ளன் இருக்கிறான், தூரம் சுமார் 3,000 ஒளியாண்டு. பக்கத்துச் சிவப்புப் பெருவிண்மீனிடமிருந்து வாயுவை உறிஞ்சி மேலே போர்த்திக்கொண்டே இருப்பான். ஏறத்தாழ 80 ஆண்டில் அந்தப் போர்வை மட்டும் தீப்பிடித்து எரியும். ஆள் சாக மாட்டான், மறுபடி உறிஞ்சத் தொடங்குவான். 1866-இல் எரிந்தது, 1946-இல் எரிந்தது. போன வருஷமே எரியும் என்று நாள் குறித்தார்கள், பொய்த்தது. கணக்குப்படி சதாபிஷேகம் நெருங்கிவிட்டது, ஆனால் அவனுக்கு வாத்தியாரும் இல்லை, பஞ்சாங்கமும் இல்லை. எரிகிற அன்று வடமகுடத்தில் ஒரு மீன் கூடுதலாகத் தெரியும், சில நாளைக்கு மட்டும்.

எனக்கு இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, அறுவைக்கு ஆவணியில்தான் நாள் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே நீ தினமும் தூங்கப்போகுமுன் வளையத்தில் எத்தனை மீன் என்று எண்ணிவிட்டுப் படு. ஒன்று கூடியிருந்தால் எத்தனை மணியானாலும் போன் பண்ணு. பெரியம்மா எடுத்துத் திட்டினால், மாடிக் கதவுச் சாவி எங்கே என்று மட்டும் அவளிடம் கேட்டு வை.

அன்புடன்,
பெரியப்பா